மூன்றாவது சேனலில் அம்மா

கராச்சர்மா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் உமாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சென்னையில் சுகமாக இருப்பாய் என்று முருகன் மேல் பாரத்தைப் போட்டு நம்பிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் போனில் கேட்டால் உடம்பு, சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு "ம்" தான் உன்னிடமிருந்து வருகிறது. வாட்ஸப் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று சிரிப்பாய். கோயிலில் டோலக் வாசிக்கிற நம் பாலகுமார் வெள்ளிக்கிழமை பிளைட்டில் இந்தத் தீவிலிருந்து மெயின்லேண்ட் வருகிறான், அவனிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்தனுப்புகிறேன். அதில் இருக்கிற பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அது தெரியாமல் நீ அதில் கைவைக்கக்கூடாது. போனில் சொல்ல வழியில்லை. நான் ஹலோ என்றாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், பிறகு நான் சொல்ல வந்ததையும் அவளே சொல்லி முடித்து, போனையும் வைத்துவிடுகிறாள்.

லீவில் வந்தபோது நீ பின்னறையில் வைத்துவிட்டுப் போன எட்டு மைக் பெட்டி பத்திரமாக இருக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று சொல்ல வேண்டும், பெட்டி என்றால் உனக்குக் கோபம் வரும், தெரியும். கடல் காற்று பட்டுத் துருப்பிடித்துவிடும் என்று அம்மா அதைத் தன் பழைய பட்டுப் புடவையில் சுற்றி, மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையெல்லாம் சேர்த்துவைத்து உள்ளே போட்டிருந்தாள். குழந்தையாக இருந்தபோது உனக்குக்கூட இந்தக் கவனிப்பு நடந்ததில்லை. பங்குனி உத்திரத்துக்குக் காவடி புறப்படும் முன் ஒலிபெருக்கியில் போட, நம் பெண்கள் பஜனைக் குழுவின் பாட்டைப் பதிந்து தரும்படி கோயில் கமிட்டியில் கேட்டார்கள். குழுத் தலைவி வைஜெயந்தி டீச்சர் எங்கள் வீட்டில் ஸ்டூடியோவே இருக்கிறது என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஸ்டூடியோவில் இஞ்ஜினியர் யார்? கப்பல் ஜெட்டியில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிட்டயரான உன் அப்பன்.

என்னைக் கேலி செய்யாதே, உன் பெட்டியை நான் என் வழியில் புரிந்துகொண்டுவிட்டேன். போனில் பதிவு செய்வது ஒரே கவுன்ட்டரில் மொத்தக் கூட்டமும் முண்டியடிப்பது மாதிரி, யார் குரல் யார் மேல் ஏறி வருகிறது என்று தெரியாது. உன் பெட்டியில் எட்டு கவுன்ட்டர், ஆளுக்கு ஒரு மைக், ஆளுக்கு ஒரு சேனல், கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு கோடாக ஓடுகிறது. அப்புறம் யாரை வேண்டுமானாலும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம். நீ விட்டுப்போன மைக்குகளோடு கோயில் மைக்செட்டிலிருந்தும் கொஞ்சம் வாங்கிவந்து, பெண்கள் ஆறு பேருக்கும் பாலகுமாரின் டோலக்குக்கும் மாட்டினேன். உன் மைக்குகளுக்கு உயிர் வராமல் நான் அரைமணி நேரம் வியர்த்து நின்றதும், நீ போனில் அந்த நாற்பத்தெட்டு வோல்ட் பொத்தானை அமுக்கினீங்களாப்பா என்று கேட்டதும், நான் அமுக்கிவிட்டு, அதெல்லாம் அப்பவே அமுக்கிட்டேனே என்று சொன்னதும் உனக்கு ஞாபகமிருக்கும். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிட்டேன், கதவு ஜன்னலெல்லாம் போர்வை. மாசி வெயிலில் ஆறு பெண்களும் வேர்த்து விறுவிறுத்து, அரே பன்னீர்செல்வம் அண்ணே, முருகனைப் பாடணுமா முருகன்கிட்டயே போகணுமா என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு தாஸ் பாபு வீட்டில் குக்கர் விசில் அடித்து இரண்டு தடவை பாட்டு கெட்டது. ஆனாலும் முடித்தோம்.

ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது எல்லோர் முகமும் முதலில் மலர்ந்தது, பிறகு சரணத்தில் சுருங்கியது. யாரோ ஒருவர் குரல் மேலே ஏறும் இடத்திலெல்லாம் ஏறாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறது. வைஜெயந்தி டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கனமான குரலாத்தான் இருக்கு என்றார். கனமான குரல் என்றால் அந்தக் குழுவில் ஒருத்திதான், சௌல்தாரியில் கீரைத் தோட்டம் வைத்திருக்கிற உன் ஒச்சம்மா அத்தை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். உன் அம்மா அவளுடைய உயிர்த்தோழி ஆயிற்றே, ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். சொன்னாள். ஆமாண்டி ஒச்சு, உனக்கு இப்பல்லாம் சுருதி கொஞ்சம் இறங்கத்தான் செய்யுது, இந்தத் தடவை நீ தாளம் மட்டும் போடேன் என்றாள். ஒச்சம்மா டீக் ஹை, சரிதான் என்று சிரித்த மாதிரி சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மறுவாரம் ஒத்திகைக்கு வரவில்லை. அம்மா போன் செய்தால் எடுக்கவும் இல்லை. அம்மா வெளியே அவளைத் திட்டிக்கொண்டு, உள்ளே சாம்பாரில் உப்புப் போட மறந்துகொண்டு இருந்தாள்.

இரைச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொரு சேனலாகக் கேட்டுப் பாருங்கள் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா. ஒரு நாள் காலையில் அம்மா மார்க்கெட்டுக்குப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த எஸ் பொத்தானை அமுக்கினால் ஒரு ஆள் மட்டும் கேட்கும், பக்கத்து ஆட்கள் தூரத்தில் கசிவார்கள், அவ்வளவுதான். முதலில் ஒச்சம்மாவின் நான்காவது சேனல். உமா, எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் நேராக இருப்பது தெரியும். கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போனது அந்தக் குரல். அதை விட்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். மூன்றாவது சேனலில் ஆள் அகப்பட்டாள். மேலே ஏறும் இடத்திலெல்லாம் நிதானமாகப் படியில் உட்கார்ந்துகொண்டிருந்தவள் என் தர்மபத்தினி மீனாம்பாள். பாடகிகள் சுருதியைத் திருத்தும் வேலைக்கு நீ ஏன் போனாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, வீட்டிலேயே பயிற்சி கிடைத்திருக்கிறது.

சிரிப்பு வந்தது, கூடவே பயமும். நான் என்ன செய்தேன் என்றால், மூன்றாவது சேனலை ஊமையாக்கிவிட்டு முழுப் பாட்டையும் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். தேன் மாதிரி இருந்தது. அதே நேரம் பார்த்து அம்மா பையோடு உள்ளே வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பாத்தீங்களா, ஒச்சம்மாவை எடுத்ததும் எவ்வளவு சுத்தமா இருக்கு என்றாள். நான் கேபிளைச் சுருட்டுவது போல் குனிந்துகொண்டேன். அத்தோடு விடுவாளா? இதுல நான் எங்க இருக்கேன், என் குரலை மட்டும் போடுங்க என்று வந்து உட்கார்ந்தாள். லேப்டாப்பில் சார்ஜ் இல்லை என்றேன். ஒயர் சொருகித்தானே இருக்கு என்றாள். நீ செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே, ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு தன் பெயர் இருக்கிற கோட்டைத் தேடி அவளே எஸ்ஸை அமுக்கிவிட்டாள்.

முதலில் ஹெட்போனில் ஒரு பக்கம் ஓடலியே என்றுதான் சொன்னாள். வாங்கிப் பார்த்தேன், எனக்கு இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்டது. இடது வலது மாற்றித் திருப்பி மாட்டிவிட்டேன். அப்போதும் அவளுக்கு இடது காதுப் பக்கம்தான் ஓடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதிவன்று சுருதிப் பெட்டியும் டீச்சரும் அவளுக்கு இடது பக்கம். டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்ததும், நான் கூப்பிட்டால் திரும்பாததும், நான் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. அவள் மறுபடி பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள், பிறகு நான்காவது சேனலைக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு, சௌல்தாரி பஸ் எப்போ என்று கேட்டாள்.

நானும் கூடப் போனேன். ஒச்சம்மா தோட்டத்தில் கீரை கட்டிக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அம்மா சேறென்று பார்க்காமல் அவள் எதிரில் உட்கார்ந்து, சுருதி விட்டது நான்தாண்டி, பழியை உன்மேல போட்டுட்டேன், எனக்கு ஒரு காது சரியாக் கேக்கல போலிருக்கு என்றாள். ஒச்சம்மா வாழைநாரைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டே, எனக்கு அன்னிக்கே தெரியும், பக்கத்துல நின்னவளுக்குத் தெரியாதா என்றாள். அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. தெரிஞ்சும் ஏண்டி வாயை மூடிட்டுப் போனே என்றாள். அதற்கு ஒச்சம்மா, நான் பாட்டை விட்டா எனக்குக் கீரை இருக்கு, மாடு இருக்கு. மக மெயின்லேண்ட் போனதுலேருந்து உனக்கு அந்தப் பாட்டு ஒண்ணுதான் இருக்கு, அதைச் சொல்லி எப்படி உன்கிட்டேருந்து புடுங்குவேன் என்றாள். நான் மாட்டைப் பார்க்கப் போவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வரும்போது இரண்டு பேரும் மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பற்றித்தான் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போன மனஸ்தாபத்துக்குப் பதில் எனக்குப் பதினைந்து கட்டுக் கீரை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

காது டாக்டரிடம் காட்டிவிட்டோம், பயப்படாதே. இடது காதில் நரம்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, சின்ன மிஷின் வைத்துக்கொண்டால் போதும் என்றார். பங்குனி முடிந்து வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். நீ போனில் கேட்காதது மாதிரி கேட்டு அவளை நகர்த்து, நான் சொன்னால் வலது காதிலும் கேட்காது.

வைஜெயந்தி டீச்சரிடமும் மற்றவர்களிடமும் அம்மாவே எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னாள். டீச்சர் ஒரு நிமிஷம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முதல் அடி ஒச்சம்மா தனியாக எடுக்கட்டும் என்றார். மன்னிப்பெல்லாம் அவர் அப்படித்தான் கேட்பார். மறுபடி பதிவு. நான் ஆளுக்கு ஒரு மைக் வைத்து, கெயின் என்கிற சத்த அளவெல்லாம் சரிபார்த்து, தலைவர் மாதிரி கையை உயர்த்தினால், உன் அம்மா ஒச்சம்மாவைத் தன் மைக்குக்கே, தன் வலது பக்கம் இழுத்துக்கொள்ள, இரண்டு பேரும் ஒரே மைக் முன் நிற்கிறார்கள். தோளோடு தோள். சேனல் வீணாகிறது என்று இஞ்ஜினியர் என்ற முறையில் கத்தினேன், யாரும் மதிக்கவில்லை. ஒச்சம்மா ஏறும்போதெல்லாம் அம்மாவின் முழங்கையை லேசாகத் தூக்கிவிட்டாள், அம்மாவும் கூடவே ஏறினாள். ஓரிரு இடத்தில் ஏறவில்லை.

ஆகவே பென் டிரைவைத் திறந்ததும் நான்காவது சேனல் காலியாக இருக்கிறதே என்று எனக்குப் போன் செய்து பாடம் எடுக்காதே. நீ டோலக்கைக் குறைத்துக்கொள், டீச்சர் இருமுவதை வெட்டிவிடு, கடைசியில் நான் நிறுத்தலாமா என்று கேட்பதையும் எடுத்துவிடு. சுருதி திருத்தும் அந்த மந்திரத்தை மட்டும் மூன்றாவது சேனலில் ஓட்டாதே. இரண்டு குரல் ஒன்றாகக் கிடக்கிறது, உன் மெஷின் எதைப் பிடித்து எதை இழுக்கும்? ஒரே மைக்கில் நின்றுவிட்டாய், இனி உன்னை மட்டும் தனியாக எடுத்துத் திருத்தவும் முடியாது, நீக்கவும் முடியாது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். தெரிஞ்சுதான் நின்னேன் என்றாள்.

முருகன் அருளால் நீ தீர்க்காயுசாக, நல்ல காதோடும் நல்ல பசியோடும் இருக்க வேண்டும். ஹெட்போனை நாள் முழுக்கத் தலையில் மாட்டிக்கொண்டு இருக்காதே, சத்தத்தைக் குறைத்து வை. பாலகுமாரிடம் பாக்கும் கருவாடும் கொடுத்திருக்கிறேன், உடனே எடுத்து வெயிலில் வை.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
பன்னீர்செல்வம்