நாலாவது ஓரம்

புரட்டாசி 3, வெள்ளி

விடிந்ததுமே வெயில். மேற்கே மேகம் கூடி, நம்மை ஏய்த்துவிட்டுப் போய்விட்டது. துணி காய நல்லது.

ட்ரங்குப் பெட்டியைக் கொட்டியதில் தேறியவை:
அம்மாவின் கட்டம் போட்ட சேலை. இரண்டு முழம்தான் உருப்படி.
என் மெரூன் சுங்கடி. போக வேண்டிய சாயமெல்லாம் போயாயிற்று.
இவர் வேட்டி. நடுவில் கிழிசல், மற்ற இடம் நல்ல மெத்து.
மைதா சாக்குத் துணி நான்கு. உள்ளே வைக்க.
தங்கச்சி மல்லிகா பள்ளிக்கூடத்துக்குப் போட்ட நீலத் தாவணி.

தாவணியில் சந்தேகம். ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். சாம்பலாகாமல் உருகிச் சுருண்டது. நைலான் கலப்பு, பிள்ளை உடம்புக்கு ஆகாது. ஒதுக்கினேன்.

மற்றதெல்லாம் வெந்நீரில் அலசிக் கொடியில். ம. பார்த்துவிட்டாள். "என்னக்கா இம்புட்டுக் கந்தல்?"
"மிதியடி தைக்கப் போறேன்."
அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது. அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு என் வீட்டில் இருக்கிறாள். அவளிடமே பொய்.

புரட்டாசி 4, சனி

கடையில் ஆள் வரவில்லை. இவர் சாப்பிட வர மணி மூன்று. ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தையல் மிஷின் வார் இரண்டு முறை கழன்றது.

துண்டுகளை இணைத்தாயிற்று. கட்டம், மெரூன், வெள்ளை. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

நரிக்குடியிலிருந்து ம.வின் மாமியார் போன். "தனம், பிள்ள பெறக்குற வரைக்கும் ஒண்ணும் சேத்து வைக்காத தாயி. கோமணத் துண்டு கூட வேணாம்."
"சரிங்கத்தே" என்றேன். காலடியில் பிள்ளைக்கான விரிப்பு.

போன வருஷம் ம.வுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது பஜாரில் ஒரு மஞ்சள் கவுன் வாங்கினேன். பத்து நாளில் எல்லாம் போயிற்று. அதற்கு முந்தியது மூன்றாம் மாதத்திலேயே. டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னார். எனக்குக் கவுன்தான் காரணம். இன்னும் அலமாரியில் கிடக்கிறது, கடை அட்டையோடு. யாரிடமும் வாய் திறந்ததில்லை. அத்தை மட்டும் அன்றைக்கே கவுனைப் பார்த்துவிட்டார். பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் எதற்குத் தைக்கிறாய் என்றால், கை சும்மா இருந்தால் மனசு கெட்டதையே நினைக்கிறது.

புரட்டாசி 6, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய துணி வீட்டில் இருப்பதில் குற்றமில்லை. எல்லா வீட்டிலும் பிள்ளையைப் பழஞ்சேலையில்தான் ஏந்துகிறார்கள். தைத்து முடித்தால்தானே அது புதுச் சாமான்? முடிக்கப் போவதில்லை.

மூன்று ஓரம் மடித்துத் தைத்தாயிற்று. நாலாவது ஓரத்தில் ஒரு சாண் தைத்து நிறுத்தினேன். ஊசியை எடுக்கவில்லை. நூலோடு துணியிலேயே குத்தி வைத்தேன். ஊசி நிற்கும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். சாமியிடமே வக்கீல் பேச்சு.

டப்பாவில் ஊசி ஐந்து, துணியில் ஒன்று. மொத்தம் ஆறு.

இவர் பழைய துண்டில் சுருட்டி, அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். சாயங்கால பஸ்ஸில் நரிக்குடி அத்தை வந்துவிட்டார்.

புரட்டாசி 8, புதன்

புழுக்கம். ம.வுக்குக் கால் வீக்கம். அத்தைக்கு ஊரில் விட்டு வந்த ஆடுகளின் கவலை. தினமும் போனில் ஆட்டை விசாரிக்கிறார்.

காலையிலிருந்து ஐந்து தடவை அலமாரியைத் திறந்து பார்த்தேன்.
"அலமாரிக்குள்ள என்னத்தா இருக்கு?"
"அந்துருண்டை வச்சேன் அத்தே."
"அஞ்சு தடவையா?"
மாவாட்டப் போய்விட்டேன்.

ம. பிள்ளை அசைகிறது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படுகிறது என்றேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

புரட்டாசி 10, வெள்ளி

நேற்று எழுதவில்லை. வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நேற்று காலை ஒன்பது மணிக்கு ரேஷன் கடைக்குப் போனேன். போன் வீட்டில் சார்ஜில். வரிசை நகரவே இல்லை. திரும்பும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. வீடு பூட்டு. என் சாவியால் திறந்தேன். போனில் இவரிடமிருந்து ஒன்பது அழைப்பு.

கூப்பிட்டேன். "நீ போனதுமே வலி வந்துருச்சு. பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காக" என்றார். "அத்தை பழந்துணி கேட்டாக. ஒஞ்சேலைக்கு அடியில ஒரு சுருட்டு இருந்துச்சு, குடுத்துட்டேன். மருந்து வாங்கப் போறேன், நீ ஆஸ்பத்திரிக்கு வா" என்று வைத்துவிட்டார்.

ஒரு நிமிஷம் சந்தோஷம். நிஜமாகவே ஒரு நிமிஷம்தான்.

ஒருவேளை ஊசியை எடுத்திருப்பேனோ என்று இந்த நோட்டைப் புரட்டினேன். 'துணியிலேயே குத்தி வைத்தேன்.' என் கையெழுத்து. டப்பாவைக் கொட்டினேன். ஐந்து. அவர் போனை எடுக்கவில்லை. நாலு முறை அடித்தேன்.

ஆட்டோ. ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. இறங்கிக் குனிந்து தாண்டி, அந்தப் பக்கம் இன்னொரு ஆட்டோ. செருப்பு வார் அறுந்தது. கவுனாவது கடைக்காரன் தைத்தது. இது நானே என் கையால் குத்தி வைத்தது.

வார்டில் ம. பக்கத்தில் பிள்ளை தூங்குகிறது. விரிப்பின் மேலேயே. நாலாவது ஓரத்தைத் தூக்கினேன். நூல் தொங்குகிறது. ஊசி இல்லை.

பிள்ளையைத் தூக்கி ம. மடியில் போட்டேன். விரிப்பு, தலையணை, மெத்தை, பிள்ளையின் முதுகு, அக்குள் எல்லாம் தடவினேன். பிள்ளை விழித்து வீறிட்டது. "என்னக்கா? பிள்ளைக்கு என்ன?" ம. முகம் வெளுத்துவிட்டது. விரிப்பை எடுத்து உதறினேன்.

அத்தை வெந்நீர் பிளாஸ்கோடு உள்ளே வந்தார். அவர் ரவிக்கைத் தோளில், ஊக்குக்குப் பக்கத்தில், ஊசி.

"இதத்தான் தேடுறியா? கையால தடவிப் பாக்காம பச்சப் பிள்ளைய யாராச்சும் போடுவாகளா?"

தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாகவே. நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஓரத்தப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், என் பேச்சுக்குப் பயந்து முடிக்காம வச்சிருக்கன்னு. அந்தக் கவுனால பிள்ள போகலத்தா. அன்னைக்கே சொல்லிருக்கணும். எனக்கும் அப்ப மனசு சரியில்ல, சொல்லாம விட்டுட்டேன்." ஊசியை எடுத்து என் கையில் வைத்தார். "பிள்ள வந்துருச்சு. இப்ப முடி."

கண்ணாடி வீட்டில். நூல் ஊசிக் காதுக்குள் போகவில்லை. அத்தைக்கும் கண் தெரியாது. "குடுக்கா" என்று வாங்கி, பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடியே ம. ஒரே தடவையில் கோத்தாள்.

தைத்தேன். கோணல்தான். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தேன். அத்தை நாலு ஓரமும் தடவிப் பார்த்த பிறகுதான் பிள்ளையைப் போட விட்டார்.

நான் கிளம்பும்போது அத்தை கேட்டார். "அந்தக் கவுன் இருக்கா?"
"இருக்கு அத்தே."
"அலசி வையி. முப்பதாம் நாளு விசேஷத்துக்குப் போடலாம்."

இன்று காலை கஞ்சி வைக்க வீட்டுக்கு வந்தேன். டப்பாவில் ஊசி ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறு.

கவுனின் கடை அட்டையை அறுத்து, அலசிக் கொடியில் போட்டேன். லேசாகச் சாயம் போகிறது. முப்பதுக்குள் இன்னும் இரண்டு தண்ணீர் அலச வேண்டும்.