அருவித் தண்ணியும் அஞ்சு மணி ஓட்டும்

அன்பு மகள் நிர்மலாதேவிக்கு, இங்க நானும் உங்கம்மாவும் முக்காவாசி சுகம், மீதி கால்வாசி இருமிக்கிட்டு கிடக்கு. குவைத்துல உன்னை முழுசா சுகமா வைக்கிறது குற்றாலநாதர் பொறுப்பு. போன்ல சொல்லலாம்னா உங்கம்மா ஸ்பீக்கர்ல காதை ஒட்டவச்சிக்கிட்டு நிக்கா, அதான் டெம்போ பீர் மைதீனோட மச்சினன் அங்கன வாரான்னு தெரிஞ்சு அவன் கையில இதைக் கொடுத்து விடுதேன். நீ நர்ஸு, திட்டத்தான் செய்வ, முழுசா வாசிச்சிட்டுத் திட்டு.

அம்மா கவுன்சிலர் எலெக்ஷன்ல தோத்துட்டான்னு உனக்குத் தெரியும், எப்படித் தோத்தான்னு தெரியாது. நம்ம வார்டு பொம்பளைங்க வார்டுன்னு ஆனதும் ஆம்பளை எல்லாம் பொண்டாட்டி பேரைச் சொல்லி நின்னான். அம்மாவை எதிர்த்து நின்ன சங்கரம்மாள் போஸ்டர்ல அவ புருஷன் மூஞ்சி தலகாணி அளவுக்கு, அவ மூஞ்சி ஸ்டாம்பு அளவுக்கு. உங்கம்மா என் போட்டோவே வேண்டாம்னுட்டா, ஓட்டு குறைஞ்சிருமாம். ஐந்தருவி பக்கத்துல கொட்டுது, நம்ம தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி, அதைத் தினமும் குழாய்ல வர வைக்கணும், அவ நின்னது அந்த ஒண்ணுக்குத்தான். ஓட்டுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது தெருவே காய்ச்சல்ல விழுந்துது. ஒருத்தனும் டெஸ்டுக்குப் போகல, கேட்டா பனிச்சளிங்கான். கட்சிக்காரங்க அம்பது பேர் இருமிக்கிட்டே வந்து கொரோனாவை ஒழிச்சாச்சுன்னு நோட்டீஸ் கொடுத்துட்டுப் போனாவ, மாஸ்க் போட்டா மூஞ்சி தெரியாதுன்னு தாடையில மாட்டிக்கிட்டுச் சிரிச்சாவ.

பூத் வாசல்ல நெத்தியில துப்பாக்கி கணக்கா ஒண்ண வச்சு சூடு பாப்பாங்களாம், சூடு இருந்தா டோக்கன் கொடுத்து அனுப்பிருவாங்களாம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வந்து நீலக் கவுனை மாட்டிக்கிட்டு ஓட்டுப் போடணுமாம். நம்ம தெருக்காரன் சாவுக்குப் பயப்பட மாட்டான், அந்தக் கவுனுக்குப் பயப்படுவான், அதைப் போட்ட வீட்டுல மறுநாள் பால் வாங்க யார் வருவா. உங்கம்மாவுக்கு உறுதியா விழ வேண்டிய ஓட்டுல பதினோரு நெத்தி கொதிக்குது, என்னோடது பன்னெண்டு. திட்டுறதை இங்கன இருந்து ஆரம்பிக்கலாம். அவகிட்ட மூச்சுவிடாம, பாவூர்சத்திரத்துக்குக் காய்கறி ஏத்திட்டுப் போற டெம்போவுல விடியக்காலம் பன்னெண்டு பேரும் ஏறி ஐந்தருவிக்குப் போனோம். ஆளை ஏத்திப் பூத்துக்குப் போனாத்தான் குத்தம், அருவிக்குப் போனா என்ன குத்தம்னு பீர் மைதீன் சட்டம் பேசினான். மாசி மாசத் தண்ணி நூலு கணக்கா விழுது, ஒவ்வொரு நெத்தியா நீட்டினோம். எட்டு மணிக்கு வரிசையில வந்து நின்னா, சூடு பாக்குற பிள்ளைக்கு மெஷின் ஒண்ணுமே காட்டல. தட்டுனா, பேட்டரியை மாத்துனா, போலீஸ்காரர் நெத்தியில வச்சா சரியாக் காட்டுது. பிறகுதான் எங்க தலை ஈரத்தையும் பல்லு தந்தியடிக்கிறதையும் பாத்தா. பன்னெண்டு பேருக்கும் டோக்கன். எங்களுக்கு முன்ன ஒரே ஒரு டோக்கன்தான் போயிருந்துது, அது உங்கம்மா. ராத்திரியில இருந்தே காய்ச்சல்னு காலையில தானே போய்ச் சொல்லி வாங்கியிருக்கா.

குளிச்ச குளியல்ல மத்தியானம் எல்லாருக்கும் காய்ச்சல் ரெட்டிப்பாச்சு. அஞ்சு மணிக்கு உங்கம்மா மாஸ்க்கைக் கட்டிக்கிட்டு, டோக்கனைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தெரு நடுவுல நடந்தா. யாரையும் கூப்பிடல, ஓட்டு அன்னைக்கு நிக்கிறவ கூப்பிடவும் கூடாது. பீர் மைதீன் சம்சாரம் ஜைனப்தான் முதல்ல பின்னால போனா, பிறகு ஒவ்வொண்ணா, அவளோட சேத்து ஏழு பொம்பளைங்க. கவுனுக்குள்ள யார் யாருன்னே தெரியலையாம், ஏஜெண்டுங்க எந்திச்சு சுவரோட ஒட்டிக்கிட்டாங்களாம். எண்ணினப்போ சங்கரம்மாள் நாலு ஓட்டுல ஜெயிச்சா. டோக்கனை வாங்கிட்டுப் போகாதது அஞ்சு பேர், அஞ்சும் ஆம்பளை. நாலு பேர் பேரை உங்கம்மா விரல் விட்டுச் சொல்லிட்டா, அஞ்சாவது ஆள் யாருன்னு யோசிக்கா. நான் பின்வாசல் வழியா போய்ட்டு வந்தேன்னு சொல்லியிருந்தேன். உண்மையில கம்பளிக்குள்ள கிடந்தேன், டீக்கடை முன்னால அந்தக் கவுனோட நிக்க வெக்கமா இருந்துது. சோறு போடும்போது என் இடது கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தா. மை இல்ல. சண்டை போடுவான்னு பாத்தேன், போடல, ரெண்டு குடத்தைக் கொண்டாந்து என் முன்னால வச்சா. “அடுத்த எலெக்ஷன் வரைக்கும் தண்ணி நீங்கதான்” அப்படின்னா.

அஞ்சு வருஷம் தாயி. மத்த நாலு வீட்டுலயும் இதே தீர்ப்புதான் சொல்லியிருக்காவ. தினம் காலையில அஞ்சு பேரும் வரிசையா அடிபம்புக்குப் போறோம், டீக்கடையே எந்திச்சு நின்னு பாக்குது. உங்கம்மா தோத்ததுக்கு அழல, அந்த ஏழு பேரையும் கூட்டிக்கிட்டு திங்கக்கிழமைதோறும் குழாய் கேட்டு மனு கொடுக்கப் போறா. போன வாரம் அந்த மனுவுல முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயில்ல அலையாத, காய்ச்சல் வந்தா குளிக்காத. இதை வாசிச்சதும் கிழிச்சிரு. நோய் நொடி அண்டாம, நல்ல பேரோட நீ நூறு வருஷம் இருக்கணும் மக்கா.

உன் அப்பா
தங்கசாமி
(தோள்பட்டைக்குத் தடவ அங்கன நல்ல தைலம் இருந்தா அஞ்சு பாட்டில் கொடுத்து விடு)