ஏரிக்கரைத் தீர்மானம்

சனிக்கிழமை, இரவு.

எங்கள் இருளர் தெருவுக்கு அம்மாதான் வார்டு உறுப்பினர். ஊராட்சிக் கூட்டத்தில் தலைவர் கை தூக்கினால் அம்மாவும் தூக்குவாள். முதல் கூட்டத்திலேயே அப்படித்தான் பழக்கிவிட்டார்கள். இன்று நானும் போயிருந்தேன். ஏரியைத் தூர்வாரும் தீர்மானத்தை வேகமாக வாசித்தார்கள். கரையிலுள்ள வீடுகளை இடிப்பதும் அதில் இருந்தது. அவை எங்கள் வீடுகள். அம்மா கை தூக்கிவிட்டாள்.

“கைய எறக்கும்மா!” என்று கத்தினேன்.

“உங்கம்மாவே சரின்னுடுச்சு, நீ இன்னாத்துக்குக் கூவிகினு கீற?” என்று தலைவர் சிரித்தார்.

தெருவில் யாரும் எங்களோடு பேசவில்லை. அம்மா சாப்பிடவில்லை. திங்கட்கிழமை இடிக்க வருகிறார்களாம். செங்கல்பட்டுக்குப் போய்க் கலெக்டரைப் பார்க்கலாம் என்றேன்.

“இன்னான்னு சொல்றது? தூக்குனது என் கைதானே?” என்றாள்.

விடிந்தால் ஞாயிறு. கலெக்டர் ஆபீஸ் பூட்டியிருக்கும்.