அப்பாவின் வருஷம் கார்த்திகையில்தான் முடியும்

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.
ஆனி மாசக் கடைசி.

அன்பு மகன் நாகேஷுக்கு உன் அம்மா எழுதியது. நானும் உன் தங்கை வீணாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், அல்சூர் முருகன் பார்த்துக்கொள்வான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா, சரிம்மா, டூட்டிக்கு டைம் ஆச்சு என்று வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை, எனக்கும் அந்த நேரம் அடுப்பில் ஏதாவது இருக்கும். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டு ஜோசஃபின் அக்கா மகன் டெஸ்மண்ட் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் முழுக்கப் படி.

பி.ஜி. ஹாஸ்டல் சமையலுக்குத்தான் இன்னும் போகிறேன். அங்கே எந்தக் கிழமைக்கு என்ன டிபன் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது, திங்கட்கிழமை சித்ரான்னம். எலுமிச்சம்பழம் பிழிந்த கை எரிச்சல் அடங்குவதற்குள் மறுபடியும் சித்ரான்னம் வந்து நிற்கிறது. யுகாதிக்கு மாடி வீட்டுக்காரி ஒப்பட்டு, அதான் நம் போளி, கொடுத்தது நேற்று மாதிரி இருக்கிறது, இப்போது ஆனியே முடியப்போகிறது. ஹாஸ்டலில் சௌம்யா என்று ஒரு பெண், ஆன்ட்டி, இப்பதான் மண்டே, அதுக்குள்ள ஃப்ரைடேவா, நடுவுல இருக்கறத யாரு திருடறாங்க என்று கேட்கிறாள். நான் எடுக்கலை தாயே, வேணும்னா டப்பாவைத் திறந்து பாத்துக்கோ என்றேன். எல்லா நாளும் ஒரே மாதிரி போனால் மனசு தனித்தனியாக எடுத்து வைக்காதாம், ஒட்டிப்போய் ஒரே நாளாகத் தெரியுமாம், அவள்தான் சொன்னாள். இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது கொஞ்ச நாள்தான், ஆனால் அது முடியவே மாட்டேன் என்றது. சாத்துக்குடி கேட்ட நாள், எதிர்க் கட்டில்காரரிடம் ஃபேனுக்காகக் கன்னடத்தில் சண்டை போட்ட நாள், வீட்டுக்குப் போய்த் தூங்குடி என்று என்னைத் திட்டிய நாள், ஒவ்வொன்றும் தனியாக நிற்கிறது. அவர் போன பிறகு வந்ததில் அப்படி ஒரு நாளைச் சொல் என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீணாவைக் கேட்டிருக்கும் தருண் வீட்டில் ஆவணியில் மண்டபம் கிடைத்திருக்கிறது, அதிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அவன் அப்பா சுந்தரேசன் சொன்னது உனக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில் வருஷ திதி கொடுக்காமல் கல்யாணம் செய்யக்கூடாது, அப்பாவுக்கோ கார்த்திகையில்தான் வருஷம் திரும்புகிறது. அதற்கு ஐயர், பொண்ணு கல்யாணம்னா திதியை முன்னாடியே இழுத்து ஆவணியில கொடுத்துடலாம்மா, தோஷமில்லே என்றார். நீயும் போனில், ஒரே லீவுல ரெண்டையும் முடிச்சிடலாம்மா என்றாய். சரி என்று நானும் எல்லாரிடமும் தலையாட்டினேன்.

அதற்கு மறுவாரம் ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், ஜோசஃபின் அக்கா வாசலில் நின்றுகொண்டு, ஏ பொம்பளே, உன் காக்கா நேத்து பூரா என் சுவத்துல உக்காந்து கத்திச்சு, அதுக்கு சோறு வைக்காம எங்க போனே, நான் கடைசில கேக் வெச்சேன், தின்னுட்டுப் போச்சு என்றாள். அப்போதுதான் தெரிந்தது, முந்தின நாள் அமாவாசை. அப்பாவுக்கு இலை போடவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அமாவாசை போனது எனக்குத் தெரியவே இல்லை. அக்கா சிரித்தாள், நானும் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அழுகை ஒன்றும் வரவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். இந்த வருஷம் தானாகவே இந்த ஓட்டம் ஓடுகிறது, நாமும் பின்னால் நின்று தள்ள வேண்டுமா? அவருக்கென்று வீட்டில் பூவும் புதுத்துணியும் இல்லாமல் இருப்பது இந்த ஒரு வருஷம்தான். இது முடிந்தால் அவரும் படத்தில் இருக்கிற எல்லாரையும் போல ஆகிவிடுவார். ஆகட்டும். ஆனால் அதற்கென்று உள்ள நாளில் ஆகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அல்சூருக்குப் போய், கல்யாணம் தையில வெச்சுக்கலாங்க என்று சுந்தரேசனிடம் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. என்னம்மா, ஒத்துக்கிட்டு இப்ப இப்படிப் பேசறீங்க, ஐயரே முடிச்சிடலாம்னு சொல்லியாச்சே என்றார். ஐயருக்கு முடிஞ்சிடும்ங்க, எனக்கு முடியலையே என்றேன். அதோடு எழுந்து வந்துவிட்டேன். இந்தச் சம்பந்தம் போனாலும் போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். வீட்டில் வீணா என்னைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டாள். செத்தவரு பெரிசு, உயிரோட இருக்கற நான் ஒண்ணுமில்லையா உனக்கு என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். அவள் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், வந்து பார்த்தால் அப்படியே இருந்தது. நேற்றுக் காலையில் சுந்தரேசன் போன் செய்து, தையிலேயே பாப்போம், பையன் பிடிவாதமா இருக்கான் என்று சொல்லிவிட்டு வைத்தார். கோபம் போகவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. போகப் போகத் தணியும். வீணா இன்று காலை என்னிடம் சட்னியில் உப்பு இல்லை என்றாள், அவ்வளவாவது பேசினாளே, போதும்.

உனக்கு லீவு ஒரு தடவைதான் கிடைக்கும் என்று தெரியும். தைக்கு வா. தங்கை கல்யாணத்தில் அப்பா இடத்தில் நிற்க நீதான் இருக்கிறாய். கார்த்திகைக்கு வர முடியவில்லை என்று மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. மகன் வர முடியாவிட்டால் பெண்சாதியே தர்ப்பையைக் கையில் வாங்கித் திதி கொடுக்கலாமா என்று ஐயரைக் கேட்டேன், கொடுக்கலாம் என்றார். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆற்றுக்கு நானும் வீணாவும் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். திதியை முன்னால் இழுக்கும் பேச்சை மட்டும் இனி போனில் எடுக்காதே.

டெஸ்மண்டிடம் ஊறுகாய் கொடுத்திருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே. வெயிலில் மொட்டை மாடியில் ஏறி ஏசி மாட்டும்போது தலையில் துணி கட்டிக்கொள். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், திதி அன்றைக்கு ஓவர்டைம் கிடைக்கிறது என்று போகாதே. லீவு சொல்லிவிட்டுக் குளித்து ரூமில் சும்மா உட்கார். போனைப் பார்க்காதே, படுத்துத் தூங்கியும்விடாதே. ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று உனக்கும் தெரியட்டும்.

நீ நல்லா இருக்கணும் சாமி, உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
தனக்கோடி