மழைத் தண்ணீர் என்று எழுதிய விண்ணப்பம்

ஹ்விடோவ்ரே, டென்மார்க்
14.5.1986

அன்பு மகள் தேவமலருக்கு,

ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் நடமாடித் திரிகிறோம், கனடாவில் நீயும் மருமகனும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஜெபிக்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று கிழமை, பதில் எழுதக் கை வரவில்லை, கோபிக்காதே. வீடு மிஞ்சுமா என்று கேட்டிருந்தாய். மார்கழிப் புயலில் கடல் ஏறிக் கீழ் அறைக்குள் வந்தது உனக்குத் தெரியும். கடலால் வீடு பழுதானால் அரசாங்கம் ஈடு கொடுக்கும், மழைக்குக் கொடுக்காது. விண்ணப்பத்தில் என்ன வெள்ளம் என்று ஒரு கேள்வி. பக்கத்து வீட்டு டேனிஷ்காரி மாக்கிரட் வந்து அதை வாசித்துப் பார்க்கட்டும் என்றேன், அப்பா கேட்டால்தானே, ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எங்கள் ஆட்களுக்கு வெள்ளம் என்றால் மழை வெள்ளம்தானே, அந்த நினைப்பில் டேனிஷில் மழைத் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டார். பங்குனியில் பதில் வந்தது, ஈடு இல்லை. சுவரில் உப்புப் பூத்து நிற்கிறது, வந்து பாருங்கள் என்று அரசாங்கக் கந்தோருக்கு இரண்டு தரம் போனோம், எழுதியது எழுதியதுதான் என்றார்கள். எனக்கு அலுத்துப் போய்விட்டது மகள்.

போன செவ்வாய் அந்த ஈட்டுத் திட்டத்தைத் திருத்தப் போகிறோம் என்று வீட்டுக்காரரை எல்லாம் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒருவர் அணை கட்டச் சொன்னார், இன்னொருவர் கரையில் வீடு வாங்கினவனுக்கு ஊரார் ஏன் வரி கட்ட வேண்டும் என்றார், எனக்குக் கொட்டாவிதான் வந்தது. பிறகு அப்பா எழும்பி, தனக்குத் தெரிந்த டேனிஷில், என்ன வெள்ளம் என்று கேட்காமல் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேளுங்கள், சந்தேகம் என்றால் ஓராளை அனுப்பிச் சுவரை நக்கிப் பாருங்கள் என்றார். சபை சிரித்தது, ஆனால் அதிகாரி எழுதிக்கொண்டார், புதிய விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வருமாம். எங்கள் விண்ணப்பத்துக்கும் அது செல்லுமா என்று நான் கேட்டேன். இல்லை, இனி ஏறும் கடலுக்குத்தானாம். அப்பாவோ பஸ்ஸில் வரும்போதும், "பாத்தியே தவமணி, நான் சொன்னதை எழுதினவங்கள்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

கீழ்ச் சுவரைத் திருத்த எங்களால் ஏலாது. வெள்ளிக்கிழமை வீட்டை ஒரு டேனிஷ் குடும்பத்துக்கு விற்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அப்பா அவர்களை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் வந்தால் கடல் என்று எழுதுங்கள், மறந்தும் மழை என்று எழுதாதீர்கள் என்று படிப்பித்துக்கொண்டிருந்தார்.

குளிருக்குப் பிள்ளையின் காதை மூடு. கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. புரொண்பியில் மூன்றாம் மாடியில் வீடு கிடைத்திருக்கிறது, விலாசம் பின்பக்கத்தில். ஆனி பிறந்தால் இந்த விலாசத்துக்கு எழுதாதே மகள், இங்கே நாங்கள் இருக்க மாட்டோம்.

உன் அம்மா,
தவமணி நேசரட்ணம்