மடுவின் விளிம்பில் நின்றவருக்கு

அக்கா,

கொடியில் கிடக்கும் என் புடவையிலிருந்து பாசி வாடை வருகிறது. முழங்கால்வரை நனைந்து சேறு ஏறிய புடவை. அலசிப் போட்டும் வாடை போகவில்லை. ஓடைக்குப் போய்வந்த நாளெல்லாம் உங்கள் பக்கத்தில் நின்றால் வருமே, அதே வாடைதான். அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போகப் போகிறேன் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். ஏதோ கிணற்றில் தள்ளப்போவதாகச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்கள். “பாடத்த மட்டும் நடத்துங்க டீச்சர்” என்றார் ஒருவர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் மகன் பண்ணைக்குட்டையில் விழுந்து இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வெளியூர்க்காரியான எனக்கு அது தெரியாது. சத்துணவுக் கூடத்தின் வாசலில் கரண்டியோடு நின்றிருந்த நீங்கள் பேச ஆரம்பித்ததும் கூட்டம் ஏன் அடங்கிப்போனது என்றும் புரியவில்லை.

“தண்ணிகிட்டப் போனா அடிப்பேன்னு சொல்லித்தான் வளத்தேனுங்க. அதனாலதான் எனக்குத் தெரியாமப் போனான். இதுங்களாச்சும் நாம இருக்கையில பாக்கட்டும். நானும் கூட வரேன்.”

அதற்குமேல் யார் வாயைத் திறப்பார்கள்?

நம் ஓடையில் மழைக்குப் பிறகு தை மாதம்வரைதான் தண்ணீர். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை சமையல் முடிந்து, பாத்திரம் கழுவியதும் கிளம்புவோம். பிள்ளைகள் வீட்டு டீ வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அதற்காக அம்மாக்களிடம் திட்டு வாங்குவது நான். கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருப்பதை வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு விடுவோம். தலைப்பிரட்டை, நத்தை, இறக்கை முளைக்காத தட்டான் குஞ்சு. மணலை ஒட்டிக் கூடு கட்டி அதை இழுத்துக்கொண்டே போகும் ஒரு புழுவைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது வூட்டோடவே நடக்குது” என்றாள் ஒருத்தி. பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். புரட்டிய கல்லையும் பழையபடி கவிழ்க்க வேண்டும்.

நீங்கள் கீழே, பாறை முடிந்து ஆழமான மடு தொடங்கும் இடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களைப் பார்த்து நிற்பீர்கள். கயிறு கட்டவில்லை, கோடு போடவில்லை. “அந்தம்மா நிக்கிற வரைக்குந்தான் ஓடை” என்று பிள்ளைகள் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். திரும்பும் வழியில் அதிகம் பேசமாட்டீர்கள். ஒருநாள் மட்டும் சொன்னீர்கள்: “எம் பையனுக்கு நண்டுன்னா உசுருங்க டீச்சர். சந்தையில வாங்கியாந்து ஆக்கிப் போட்டிருக்கேன். உசுரோட ஓடறதக் காட்டினதில்ல.” உங்கள் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஆடியில் காய்ச்சல் என்று தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. ஐப்பசியில் மழை வந்தது, ஓடையிலும் தண்ணீர் வந்தது. நான் பிள்ளைகளைக் கூட்டிப்போகவில்லை. சேறு என்றேன், பரீட்சை என்றேன். உங்களுக்குத் தெரியும், எனக்கு நீச்சல் தெரியாது. அந்த மடுவின் பக்கம் நான் ஒருநாளும் போனதில்லை. பெற்றோர் யாரும் கேட்கவும் இல்லை. அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

போன வாரம் பள்ளி விட்டதும், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுப் பக்கம் போகாமல் ஓடைப்பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். கையில் வடிகட்டி. ஓடிப்போய் மறித்து, “யாரக் கேட்டுப் போறீங்க?” என்றேன். “கேட்டா வுடமாட்டீங்க டீச்சர்” என்றான் ஒருவன். அன்று இரவு, பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று கூட்டிப்போனேன், அக்கா. தட்டைக் கூட வந்த தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் நின்ற இடத்துக்கு நான் போனேன். கல் வழுக்கியது. முதுகுக்குப் பின்னால் மடுவில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அங்கிருந்து பார்த்தால் தட்டில் இருப்பது எதுவும் தெரிவதில்லை. இத்தனை வருடம் எங்களோடு வந்தும் ஒரு பூச்சியைக்கூட நீங்கள் பார்த்திருக்க முடியாது. தட்டைச் சுற்றிக் குனிந்திருக்கும் தலைகள் தெரிகின்றன. ஏதாவது அசைந்தால் எல்லா முகமும் ஒன்றாக நிமிர்ந்து சிரிக்கிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அதில் ஒரு முகம் இல்லாததையும் வாராவாரம் பார்த்திருக்கிறீர்கள். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கவும் பயமாக இருந்தது, அதற்குள் யாராவது நகர்ந்துவிட்டால் என்று.

“டீச்சர், இங்க வந்து பாருங்க, சீக்கிரம் வாங்க” என்று கூப்பிட்டார்கள். என்னவென்று பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

நான் நகரவில்லை, அக்கா.