தகரம் இல்லாத படம்

ஜூன் 2, ஞாயிறு

காலையிலேயே படம் வரையும் குழுவோடு போய் உட்கார்ந்தாயிற்று. பழைய தபால் ஆபீஸ் கட்டடம். என் படத்தில் வானத்துக்கு விட்ட நீலம் கூரைக்குள் இறங்கிவிட்டது. ஈரம் காய்வதற்குள் கை வைத்தது என் அவசரம். மாஸ்டர் - ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் - எல்லார் படத்துக்கு முன்னாலும் நின்று பேசினார். என்னைத் தாண்டும்போது மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டே போனார். சேர்ந்த நாளிலிருந்து இதே கதை. மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்கு என்ன கலை என்ற நினைப்பு போல.

ஜூன் 9, ஞாயிறு

அடுத்த வாரம் எங்கள் தெருவாம். எங்கள் வீடேதான். வளைவு ஜன்னல், மரத்தூண் என்று மாஸ்டர் உருகினார். அதன் மாடியில் வாடகைக்கு இருப்பது நான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. சொல்ல வாய் வரவில்லை. ஏன்? அங்கே எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள். அவ்வளவுதான்.

ஜூன் 16, ஞாயிறு

எதிர்ச்சாரியில் வரிசையாக உட்கார்ந்தோம். கீழே பூட்டிக் கிடக்கும் பகுதி, மேலே எங்கள் பால்கனி, அதன் ஓரத்தில் இவர் கட்டிய தகரச் சமையலறை. படுக்கிற அறையிலேயே அடுப்பை வைத்து எனக்கு இருமல் விடாமல் வந்த வருஷம், லேத் பட்டறையிலிருந்து தகரம் வாங்கிவந்து இவரே அடித்தது. ஷெல்ஃபைக்கூட என் உயரத்துக்கு வைத்தார். குள்ளச்சிக்கு ஏணி வாங்கக் கட்டுப்படியாகாது என்று கிண்டல் வேறு.

மாஸ்டர் பென்சிலை நீட்டிக் காட்டினார். "அந்தத் தகரக் கூண்ட விட்டுடுங்க, கண்ண உறுத்துது. எவன் கட்டினானோ, ரசனை கெட்ட ஆளு."

அந்த இடத்தில் பேப்பரை வெள்ளையாகவே விட்டு, ஓரத்தில் லேசாக நிழல் கொடுத்தேன். வெயில் பட்ட சுவர் மாதிரியே வந்துவிட்டது. மாஸ்டர் நின்றார். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "விடத் தெரியணும்னு சொல்வேனே, அது இதான்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் எரிகிறது.

ஜூன் 30, ஞாயிறு

கண்காட்சி. வாசலிலேயே என் படம். இவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம அடுப்படி எங்க?"

"படத்துக்காக விட்டதுங்க."

"ஓ."

வீடு வரும்வரை அந்த ஓர் எழுத்துதான்.

ஹவுஸ் ஓனரின் மகனும் வந்திருந்தார். படத்தைச் செல்போனில் எடுத்தார். நானே பெருமையாகத் தள்ளி நின்று இடம் கொடுத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

ஹவுஸ் ஓனரின் மகன் வீட்டுக்கே வந்தார். கீழே காபி கடை வருகிறதாம், முகப்பைப் பழையபடி ஆக்க வேண்டுமாம். "தகரத்த எடுத்துடணும்க்கா."

உங்கப்பா இருந்தப்போ கேட்டுட்டுத்தானே கட்டினோம் என்றேன். அவர் செல்போனை நீட்டினார். என் படம்.

"நீங்களே இல்லாமதானே வரைஞ்சிருக்கீங்க? எது அழகுன்னு உங்களுக்கே தெரியுதுல்ல?"

இவர் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது என் சமையலறை, கட்டியது என் புருஷன், ஹவுஸ் ஓனர் மகனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் சார் என்று.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. ஆனா ஒண்ணு, பில்டிங்குக்கு நல்லதுதானே நடக்குது?"

பில்டிங்குக்கு நல்லது. பாவி மனுஷன். அந்தாள சொல்லி என்ன? பிரஷ்ஷ பிடிச்சது யாரு? நான்தானே?

ஜூலை 20, சனி

ஆள் வைக்க விடாமல் இவரே கழற்றினார். ஷெல்ஃபை மட்டும் உள்ளே கொண்டுவந்தார். மாட்ட இடமில்லை, கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ஜூலை 29, திங்கள்

இருமல்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

குழு மறுபடியும் எங்கள் தெருவில். நான் போவதை நிறுத்திவிட்டேன். பால்கனியில் துண்டு காயப்போட்டிருந்தேன். கீழேயிருந்து யாரோ ஒரு புதுப்பெண் கூப்பிட்டாள். "அக்கா, அந்தத் துண்ட மட்டும் கொஞ்சம் எடுக்கறீங்களா? வரையறதுக்கு இடைஞ்சலா இருக்கு."

"எதுக்கும்மா எடுக்கணும்? விட்டுட்டு வரை. உங்க மாஸ்டர் சொல்லித் தருவாரு."

மாஸ்டர் தலையைத் தூக்கவே இல்லை.

உள்ளே வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த இவர், நான் அடுப்புப் பக்கம் போக வழிவிட்டு, சொல்லாமலே காலை மடக்கிக்கொண்டார்.